எங்கள் தோலில் எது சிவப்பு?

ஐம்பதைத் தாண்டிய எம்மவர் பலரின் நெஞ்சிலும் வயிற்றிலும் கடுகளவில், சிலவேளை மிளகளவில், சிறு புள்ளிகள் தோன்றுவதுண்டு. எனக்கு இப்போது ஒன்பது. வைத்திய நிலையத்தில் கிடைத்த துண்டுப் பிரசுரம் அவற்றைச் செரிப் பழத்துக்கு ஒப்பிட்டு, 'பளிச்சென்ற சிவப்பு' என்றது. என்னுடையவையோ நாவற்பழ நிறம். இரண்டொன்று முழுக் கறுப்பு. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த என் மனைவி, "இது அதுவல்ல" என்று தீர்ப்பளித்துவிட்டு மூன்று இரவுகள் உறங்கவில்லை. புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் எவரும் உச்சரிக்கவில்லை. எல்லோரும் அதனையே நினைத்திருந்தோம்.

வைத்தியர் ஒளியுடன் கூடிய உருப்பெருக்கியைத் தோலில் வைத்துப் பார்த்தார். உள்ளே செந்நிறக் குமிழ்கள் தெரிகின்றன, தீங்கற்றவை என்றார். தோலிலுள்ள மயிர்த்துளைக் குழாய்கள் விரிந்து பெருகித் திரள்வதால் உண்டாகுபவை இவை. மேலே படிந்துள்ள மெலனின் என்னும் நிறமியால் எமக்கு அவை ஊதாவாகவோ கறுப்பாகவோ தெரிகின்றன.

ஆங்கில வைத்தியர் இவற்றுக்கு வழங்கும் பெயர் 'காம்பெல் டி மோர்கன் புள்ளிகள்'. அவர் (1811–1876) இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சத்திர சிகிச்சை நிபுணராக இருந்தவர். புற்றுநோயாளரிடம் இவற்றைக் கண்டு, அந்நோயுடன் தொடர்புபடுத்தி 1872 இல் எழுதினார். பின்வந்தோர் அத்தொடர்பை ஏற்கவில்லை. வயது ஏற ஏறப் பெரும்பாலானோருக்கும் வருவனவே இவை. அவருடைய தமையனார், கணித மேதை அகஸ்டஸ் டி மோர்கன், 1806 இல் பிறந்தது மதுரையில். கணிதம் கற்பித்த என் நண்பரிடம் இதைக் கூறியபோது, "அப்படியானால் உமது வயிற்றில் இருப்பது எங்கள் ஊர்ப் பெயர்தான்" என்று சிரித்தார்.

ஆயினும் நிற விடயம் சிரித்துவிட்டுப் போகக் கூடியதன்று. மூளைக்காய்ச்சலின்போது தோன்றும், கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் எங்கள் பிள்ளைகளின் தோலில் எளிதில் புலப்படா. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களிலும் பார்க்க வேண்டும். புள்ளிகள் வரும்வரை காத்திருக்கவும் கூடாது. கறுப்பு, மண்ணிறத் தோல்களில் நோய்க்குறிகள் எவ்வாறு தெரியும் என்பதைக் காட்டும் கைந்நூலொன்றை 2020 இல் இலண்டன் சென்ற் ஜோர்ஜ்ஸ் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே தம் விரிவுரையாளர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். ஒரு மாணவர் முன்வரும்வரை அது காத்திருக்க நேர்ந்ததே என்பது என் ஆதங்கம்.

முதியோருக்கு மொழிபெயர்க்கச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒன்று. வைத்தியர் "சிவப்பாக இருந்ததா?" என்று கேட்டால், அம்மம்மா தலையாட்டியதும் 'ஆம்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கண்டது கத்தரிப்பூ நிறமா, கறுப்பா என்று கேட்டு, அதையே சொல்லுங்கள். பழைய புள்ளி திடீரென வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, காரணமின்றிக் குருதி கசிந்தாலோ, அதனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.