கியர் மாறாத காரும் ஒரு நாற்பது பக்க நோட்டும்



"டீச்சர், வண்டி சரியாயிட்டா?" என்று பத்துப் பேராவது போனில் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். உங்களில் சிலரும் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்கள், உதவும்.

எங்கள் கார் 2011 மாடல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். என் இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்காததால் வாங்கியது. இப்போது வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டு சாரை டயாலிசிஸுக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு அழைத்துப் போவது அதில்தான். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வருகிறவரை பஸ்ஸில் எப்படி நிற்க வைப்பது?

இரண்டு மாதம் முன்பு பத்தமடைப் பக்கம் போகும்போது வண்டி முரண்டு பிடித்தது. வேகம் எடுத்தால் இன்ஜின் இரைகிறதே தவிர நாலாவது கியர் விழவில்லை. நிறுத்திவிட்டுக் கிளப்பினால் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி நகர்கிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கியர்பாக்ஸ் போச்சும்மா. இறக்கி வேலை பார்க்க ரூ.70,000 ஆகும். பேசாம வித்துருங்க" என்றார்கள். அன்றிரவு சார், "எனக்காக ஏன் இவ்வளவு செலவு? பஸ்ஸிலேயே போய்க்கலாம்" என்றார். அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். படிப்பு வராது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நோட்டைப் பார்த்தால், நான் சொல்லச் சொல்ல எழுதியதில் பிழை குறைவு. கரும்பலகையைப் பார்த்து எழுதியதில்தான் வரிக்கு வரி பிழை. கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. 'படிப்பு வரவில்லை' என்பது வெளியே தெரியும் குறைதான், காரணம் வேறு இடத்தில் இருந்தது. எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

காருக்கும் அப்படியே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். கிளம்பி எத்தனை நிமிடம், எந்த வேகம், வெயிலா மழையா, என்ன விளக்கு எரிந்தது என்று எழுதினேன். ஆறு பயணத்தில் விடை தெரிந்தது. காலையில் கிளம்பியதும் ஒருநாளும் கோளாறு இல்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் வருகிறது. வரும்போதெல்லாம் டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிகிறது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரிய மந்திரம் இல்லை. இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், அதுதான் டார்க் கன்வெர்ட்டர். அதே எண்ணெயின் அழுத்தம்தான் உள்ளே கிளட்ச் தட்டுகளைப் பிடித்தும் விட்டும் கியரை மாற்றுகிறது. எந்த வழியில் எண்ணெய் போக வேண்டும் என்பதைச் சின்ன மின் வால்வுகள் திறந்து மூடித் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு கொடுப்பது ஒரு கம்ப்யூட்டர். சக்கரம் எவ்வளவு வேகம் என்று அதற்குச் சொல்வது ஒரு சென்சார். அந்தத் தகவல் நின்றுபோனால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஒரே கியரில் நிறுத்திவிடும். எங்கள் வண்டியில் அது மூன்றாவது கியர்.

நோட்டோடு நம் பள்ளியில் படித்த ஒரு தம்பியிடம் போனேன். கார் எலக்ட்ரீஷியன். பெயர் சொன்னால் கூச்சப்படுவான். நோட்டைப் படித்துவிட்டு, "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க டீச்சர்" என்றான். முதலில் கியர் ஆயிலைத் தொட்டுப் பார்த்தான். சிவப்பாக இருந்தது, கருகல் வாடை இல்லை. பிறகு ஸ்கேனரை மாட்டினான். பி0722 என்று வந்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் வேகத்தைச் சொல்லும் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம்.

சூடானால் மட்டும் ஏன்? ஐந்தாம் வகுப்புப் பாடம்தான், உலோகம் சூட்டில் விரியும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் குளிர்ந்தபோது ஒட்டியிருக்கும், சூட்டில் விலகும். சென்சாரை மாற்றி, பிளக்கையும் சுத்தம் செய்தான். கூலியோடு நாலாயிரத்துக்குள் முடிந்தது. ஏழு வாரமாகிறது, ஒரு குறையும் இல்லை.

உங்களுக்காகச் சில குறிப்புகள்:

1. ஆயில் அளவைச் சமதளத்தில், இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டியின் புத்தகத்தில் சொன்ன முறையில் பாருங்கள். சில வண்டிகளில் அளவுகோல் இருக்காது, மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தைத் தவிர வேறு ஆயில் ஊற்றாதீர்கள்.

2. 'டி'யில் போட்டும் வண்டி தாமதித்து நகர்ந்தால் முதலில் ஆயில் குறைவைச் சந்தேகியுங்கள். இன்ஜின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால், ஆயிலும் கருகியிருந்தால், உள்ளே தட்டு தேய்ந்திருக்கலாம். அது பெரிய வேலைதான்.

3. 'டி'யில் போடும்போது 'டொம்' என்று இடித்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

4. விளக்கு எரிந்தால், கியர்பாக்ஸை இறக்கும் முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோட் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். ஒயர், பிளக், பேட்டரி எல்லாம் பார்த்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும்.

5. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாமல் உள்ளே எண்ணெய் பம்ப் வேலை செய்யாது. இன்ஜின் முன்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியானால் முன்சக்கரத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

நாளை டயாலிசிஸ் நாள். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். சார் உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நீங்கள் எழுதும் பதில்களை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். எழுதுங்கள், கண்ணுகளா.