சினம் அதன் பிறவிக் குணமா?

நன்றிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பள்ளிச் சிறுவனும் நாயைச் சொல்வான். ஒருவரை இழித்துப் பேசவேண்டும் என்றாலும் நம் வாயில் வருவது அதே நாய்தான்! இந்த முரண்பாட்டை நான் உணர்ந்தது, வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தபோதுதான்.

இராசபாளையம் நாயின் பெருமையை நான் சொல்லவேண்டியதில்லை. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்ப்பட அஞ்சல்தலைகளில் இவ்வினத்துக்கும் இடம் உண்டு. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, வேட்டையிலும் காவலிலும் பெயர்பெற்ற வீரம். அந்த வீரத்தையே சிலர் பணமாக்கப் பார்க்கிறார்கள். எங்களிடம் வந்த நாயை வெளியூரில் பந்தயச் சண்டைக்கு விட்டிருந்தார்கள். ஒரு காது கிழிந்திருந்தது. கம்பைக் கண்டால் சீறும்.

"ரத்தம் ருசி கண்ட நாய்ப்பா, வெஷத்தை வச்சிரு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"கொல்றதுக்கா கொண்டாந்தோம் அண்ணாச்சி? கொஞ்ச நாள் பொறுங்க" என்றார் அப்பா.

முதலில் அப்பா கம்புகளை அப்புறப்படுத்தினார். தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்துவிட்டு, அதன் கண்ணை நேரே பாராமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பார். சில நாளில் உண்மை விளங்கியது: அதற்குக் காது கேட்கவில்லை! வெள்ளை நிற இராசபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. பின்னாலிருந்து தொட்டால் அது திடுக்கிட்டுப் பாய்ந்ததைத்தான் எல்லாரும் வெறி என்றார்கள். அன்றுமுதல் முன்பக்கமாகவே அதனிடம் போனோம், தரையைத் தட்டி அழைத்தோம், கைச்சாடை பழக்கினோம். மூன்றாம் மாதம் என் தங்கையின் கையிலிருந்து வாங்கித் தின்றது. மற்ற நாய்களோடு மட்டும் இன்றும் சேராது; ஆகவே தனியாகவே வெளியே அழைத்துப் போகிறோம்.

கடல்கடந்த நாட்டிலும் இதே பாடம்தான். 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் நடத்திய நாய்ச்சண்டைக் கூடத்திலிருந்து ஏறத்தாழ 50 நாய்கள் மீட்கப்பட்டன. அதுவரை அத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். இம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார்கள். மிகப் பெரும்பாலானவை பிழைத்தன. 22 நாய்கள் யூட்டா மாநிலக் காப்பகம் ஒன்றுக்குச் சென்றன. லியோ என்ற நாய் புற்றுநோயாளிகளுக்கு ஆறுதலாய் இருந்தது. ஜானி என்ற நாயின் அருகில் அமர்ந்து குழந்தைகள் கதை படித்தார்கள்!

நம் நாட்டிலும் விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் காயம்பட்ட மனத்தைச் சட்டம் மட்டும் ஆற்றிவிடாது. அதற்குப் பொறுமை வேண்டும்.

மாணவ நண்பர்களே! சீறும் நாயைக் கண்டு கல்லை எடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். சீறக் கற்றுக்கொடுத்தது மனிதன் கை என்றால், அதை மறக்கச் செய்யவேண்டியதும் மனிதன் கைதானே?