தோலில் தொடங்கும் வாதம்

முழங்கையிலும் தலையிலும் செதில்செதிலாகத் தோல் உதிரும் சோரியாசிஸ் நோயைத் தொழுநோயோடும் சொறியோடும் சேர்த்தெண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவதால் விளையும் இந்நோய் எவருக்கும் தொற்றுவதன்று. உலக சுகாதாரப் பேரவை 2014ஆம் ஆண்டில் இதனைத் தீர்மானமாகவே பதிவு செய்தது. அத்தீர்மானம் எமது ஆசிரியர் அறையை எட்டவில்லை போலும். எமது தேநீர்க் குவளையை மட்டும் புறம்பாகக் கவிழ்த்து வைத்த அன்பர்களுள் விஞ்ஞானம் கற்பிப்பவரும் ஒருவர்!

இத்தகைய பார்வைக்கு அஞ்சியே நோயாளர் பலர் நீண்ட கைச்சட்டைக்குள் தம் தோலை மறைக்கின்றனர். அதனால் நேரும் கேடு தோலோடு நிற்பதில்லை. சோரியாசிஸ் கண்டவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவரை மூட்டுவாதமும் பற்றுகின்றது. பெரும்பாலும் தோல்நோய் தோன்றிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே அது வருவதால், இரண்டுக்கும் உறவுண்டென்று எவரும் நினைப்பதில்லை. ஒரு விரல் அடிமுதல் நுனிவரை தடித்து வீங்கும். குதிக்கால் வலிக்கும். நகத்தில் ஊசியாற் குத்தினாற்போலச் சிறு குழிகள் விழும். விடியலில் கை விறைத்துக் கிடக்கும். வழக்கமாக மூட்டுவாதத்துக்குச் செய்யும் இரத்தச் சோதனையோ பெரும்பாலும் ஒன்றுமில்லையென்றே சொல்லும்.

எமக்கும் அவ்வாறே சொல்லிற்று. வெண்கட்டியைப் பற்ற விரல் மடங்காத நிலையில், "வயதாகிவிட்டது, மாஸ்டர்" என்று ஒரு வைத்தியர் எம்மை அனுப்பிவைத்தார். எம் நகங்களை நெடுநேரம் நோக்கி, "சட்டைக் கையைச் சற்று உயர்த்துங்கள்" என்றவர் இன்னொருவர். அமெரிக்க வாதநோய்ச் சங்கம் இதனைத் தனி நோயாக ஏற்றது 1964இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் தோலை ஒருவரும் மூட்டை ஒருவருமாகப் பங்கிட்டுப் பார்ப்பது கொடுமையே. ஆறு மாதத் தாமதங்கூட மூட்டெலும்பில் அரிப்பை உண்டாக்கலாமென ஆய்வு காட்டியுள்ளது. அரிக்கப்பட்ட எலும்பை மருந்து மீட்டுத் தராது.

நாம் உட்கொள்வது மெதோட்றெக்சேற். கிழமைக்கொருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. ஈரலையும் இரத்தத்தையும் இடையிடையே சோதிக்க வேண்டும், மது ஆகாது. நோய் நீங்கிவிடவில்லை, அடங்கியிருக்கின்றது. இதற்கும் அடங்காதவர்க்கு 2002 முதல் உயிரியல் ஊசிமருந்துகள் வந்துள்ளன. அவற்றின் விலையைக் கேட்ட பின்னர், மருத்துவத்தின் வெற்றி யாருடைய வெற்றி என்ற கேள்வி எழாமற் போகாது.

மருந்து கிடக்கட்டும். காலை விறைப்புத் தளர்வதற்கு வேண்டிய அவகாசமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எமக்கு முதலாம் பாடம் இல்லாதவாறு அதிபர் நேரசூசியை மாற்றித் தந்தார். மலையகத்தில் இதே விறைப்போடு விடியலிற் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணுக்கு யார் நேரசூசியை மாற்றுவது? நிறை குறைந்தால் அன்று அவளுக்கு அரைப்பேர், அரைநாட் கூலி.