கால்வலிக்கு ஒரு காட்டுப்பன்றிக் கோயில்

ஜப்பானின் கியோட்டோ போகிறவர்கள் எல்லாம் நரிச் சிலைகளைப் பார்க்க ஃபுஷிமி இனாரி மலை ஆலயத்துக்கு ஓடுகிறார்கள். நான் பழைய அரண்மனைப் பூங்காவுக்கு மேற்கே, கராசுமா சாலையோரம் இருக்கும் கோஓ ஆலயத்துக்குப் போனேன். கூட்டமே இல்லை. வாசலில் வழக்கமான சிங்கநாய்களுக்குப் பதில் ஒரு ஜோடி காட்டுப்பன்றிச் சிலைகள் காவல் நிற்கின்றன. கைகழுவும் தொட்டியருகே உள்ள பன்றியின் மூக்கு, தடவித் தடவியே பளபளத்துக் கிடக்கிறது. தடவினால் அதிர்ஷ்டமாம். நானும் தடவினேன்.

இங்கே தெய்வம், வாகே நோ கியோமாரோ என்ற அரசவை அதிகாரி. தோக்யோ என்ற துறவி அரியணைக்கு ஆசைப்பட்டபோது, 'அரச வம்சத்தாருக்கே அரியணை' என்ற உசா ஆலயத்தின் அருள்வாக்கை அஞ்சாமல் கொண்டுவந்து சொன்னவர். பரிசாகக் கிடைத்தது 769இல் நாடுகடத்தல். கால் நரம்பை அறுத்துவிட்டார்கள் என்கிறது கதை. நடக்கமுடியாமல் போனவரை 300 காட்டுப்பன்றிகள் சூழ்ந்து உசாவரை காவலாக வந்தனவாம், கால்களும் குணமாயினவாம்.

அதனால்தான் மூட்டுவலி, இடுப்புவலிக்காரர்கள் இங்கே வேண்டிக்கொள்கிறார்கள். ஓட்டப்பந்தயக்காரர்களும் வருகிறார்கள்.

உண்மையைச் சொன்னவனின் காலை அதிகாரம் வெட்டும் கதை எல்லா நாட்டிலும் உண்டு. அவனுக்குத் துணையாகக் கம்பீரமான சிங்கத்தை அனுப்பாமல், வயலை நாசம் செய்கிறது என்று உழவர்கள் விரட்டும் பன்றியை அனுப்பிய கற்பனைதான் எனக்குப் பிடித்தது.

இனாரி மலைப் படிகளில் ஏறி முழங்கால் கெஞ்சுகிறவர்கள், மறுநாள் இங்கே வரலாம்!