ஒயிட்சேப்பலில் ஒரு சோற்றுத் தட்டு

லண்டன் மாநகரின் கிழக்கே ஒயிட்சேப்பல் இரயில் நிலையத்தில் இறங்கினால், ஆங்கிலத்தோடு வங்க எழுத்திலும் பொறித்த பெயர்ப்பலகை நம்மை வரவேற்கிறது. 2022ஆம் ஆண்டு வைக்கப்பட்ட பலகை அது. வெளியே சாலையோரம் நெடுகக் கடைகள். சுரைக்காய், சேப்பங்கிழங்கு, கீரைக்கட்டுகள், வங்கத்தார் உயிரென மதிக்கும் உள்ளம் மீன், கருவாடு, குழம்பில் போடும் சாத்கரா எனும் எலுமிச்சை இனக் காய் என எல்லாம் குவிந்திருக்கின்றன. சற்று நடந்தால் கிழக்கு லண்டன் பள்ளிவாசலின் மினாராக்கள் தென்படும்.

இப்பகுதி அடங்கிய டவர் ஹாம்லெட்ஸில், 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 35 பேர் வங்கதேச வழியினர். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் சில்ஹெட். கப்பல்களில் கரி அள்ளிப் போட வந்த பாட்டன்மார் வழிகாட்ட, பேரன்மார் தையற்கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் வந்தனர். அருகிலுள்ள பிரிக் லேன் பள்ளிவாசல் 1743இல் பிரெஞ்சு அகதிகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976இல் பள்ளிவாசலாயிற்று. வந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் இறைவழிபாட்டோடு தத்தம் அடுப்பையும் கொண்டு வந்தனர்.

அந்த அடுப்பைப் பற்றிய ஒரு கூட்டத்திற்குத்தான் பக்கத்து வீட்டுப் பெண் என்னை அழைத்துச் சென்றாள். சிறியதொரு கூடத்தில் இருபது தாய்மார்கள் அமர்ந்திருந்தனர். பேசியவர் அவர்களின் சில்ஹெட்டி மொழியிலேயே பேசினார். பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள்.

முன்வரிசையில் அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் ‘காலா’ என்றழைத்தனர். நம் பக்கத்தில் சாச்சி என்பது போல. சர்க்கரை நோய் கண்ட நாளில் அவரிடம் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்களாம். ரொட்டி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி என்று படம் போட்டிருந்தது. பின்னர் அதையே வங்க எழுத்தில் அச்சிட்டுத் தந்தனர். காலாவோ பள்ளிக்கூடம் போகாதவர். ஏட்டு வங்கமும் அவர் பேசும் மொழியன்று. “சோற்றை விடுங்கள்” என்ற ஒரு சொல் மட்டுமே அவருக்குப் புரிந்தது.

“பேரப்பிள்ளைகள் சோறுண்ண, நான் மூலையில் காய்ந்த ரொட்டியைக் கடித்தேன். விருந்தாளிகள் முன் வெட்கமாயிருந்தது. ஒரு மாதத்தில் ரொட்டியையும் விட்டேன், மாத்திரையையும் விட்டேன்” என்றார். இடக்கண்ணில் பார்வை மங்கிய பிறகே மீண்டும் மருத்துவரிடம் சென்றிருக்கிறார்.

பேச வந்தவர் சோற்றை விடச் சொல்லவில்லை. வீட்டில் புழங்கும் சாதாரணத் தட்டொன்றை எடுத்தார். பாதியில் கீரையும் சுரைக்காயும், கால் பங்கில் மீனும் பருப்பும், மீதிக் கால் பங்கில் சோறும் வைத்தார். எண்ணெய்ப் புட்டியைச் சட்டியில் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னார். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பது வாய்ப் புற்றுநோய்க்கு வழி என்பதையும் கூசாமல் எடுத்துரைத்தார். காலா அந்தத் தட்டையே வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

அன்று கேட்டவற்றுள் நம் இல்லங்களுக்கும் உரியவை பல. தெற்காசியருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஐரோப்பியரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். ஆகவே எடைக்கும் உயரத்திற்குமான குறியீடு ஐரோப்பியருக்கு 25 ஆனால்தான் எச்சரிக்கை. நமக்கோ 23 என்றாலே எச்சரிக்கை. வெயில் குறைந்த நாட்டில் உடலை மறைத்து வாழும் பெண்கள் ஆண்டு முழுதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்ள வேண்டுமென அங்குள்ள சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

பேச்சு நோன்புக்குத் திரும்பியது. லண்டனில் ரமளான் ஜூனில் வந்தால் நோன்பு 18 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் வந்தால் சுமார் 10 மணி நேரம். சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரை நேரத்தை மாற்றிக் கொள்ள வேண்டும். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முடித்துவிட வேண்டும். நோயாளிக்கு இறைமறை தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. இதைக் கேட்டதும் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டனர். நோயை மறைத்து நோன்பு நோற்றவர்களாக இருக்கலாம்.

ஊர் திரும்பிய பின் ஒரு திருமண விருந்தில் சஹனைச் சுற்றி அமர்ந்தோம். பிரியாணி மலைபோல் குவிந்திருந்தது. கத்தரிக்காய்ப் பச்சடி ஓரத்தில் ஒரு கரண்டிதான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த அளவு நினைவுக்கு வந்தது. அந்தக் கூடத்தில் கண்ட தட்டும் கண்முன் நின்றது.

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளிடம், அங்கே போய் நம் உணவை மறந்துவிடாதீர்கள் என்கிறோம். எவ்வளவு உண்பது என்பதையும் சேர்த்துச் சொல்லியனுப்புவோம். அதற்கு முன் நம் சஹனில் பச்சடியின் பங்கைக் கொஞ்சம் பெருக்குவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நலமான வாழ்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.