பூனையை அவர்களே கண்டுபிடிக்கட்டும்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறை சுமார் 30 மீட்டர் அகலம். அதைக் கைப்பேசித் திரையில் காட்டியாக வேண்டும். ஜூம் வழியாகச் சிற்பங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலிலிருந்து வந்தவைதான். சென்னையில் சனிக்கிழமை இரவு 7.30 என்றால் சிங்கப்பூரில் 10 மணி. டொரண்டோவில், குளிர்காலமானால், காலை 9. மூன்று ஊர்க்காரர்களும் விழித்திருந்து ஒரே கல்லைப் பார்க்க அதுதான் தோதான வேளை.

முழுப் பாறையைத் தொடக்கத்தில் ஒருமுறை காட்டுவேன், எது எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக. அதன்பின் துண்டுகள்தான், ஒரு ஸ்லைடுக்கு ஒன்று. பாறை கிழக்கு நோக்கியது. முற்பகலில் வெயில் ஏறிக் கல்லை உரசிக்கொண்டு விழும்போது எடுத்த படங்களையே தேர்ந்தெடுக்கிறேன். உளி இறங்கிய ஆழம் சின்னத் திரையிலும் அப்போதுதான் தெரியும். மூலையில் ஸ்லைடு எண்ணைத் தவிர எழுத்தே கிடையாது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு அகலப் படம் திரையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் நாலு வரி எழுதினால் யார் படிப்பது?

படம் கரைந்து இன்னொரு படமாகும் அனிமேஷனும் வேண்டாம். திரையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பி மிச்சம் பிடிப்பதுதான் திரைப் பகிர்வின் வழி. மெல்லக் கரையும் படத்தில் எல்லாமே நொடிக்கு நொடி மாறுவதால் இணைப்பு திணறும். பார்ப்பவருக்குத் துண்டு துண்டாய் வந்து சேரும். சட்டென்று மாற்றினாலும் படம் முதலில் மங்கலாக வந்து பிறகுதான் தெளியும். குரல் அதற்கு முன்பே போய்விடும். ஆகவே ஸ்லைடை மாற்றியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் என்று அறிய மேசையில் ஒரு பழைய போனை வைத்திருக்கிறேன். மொபைல் டேட்டாவில், பார்வையாளராக உள்ளே நுழைந்து, ஒலி அணைக்கப்பட்டு. கல் அதில் தெளிந்த பிறகே பேசுவேன்.

அந்த மௌனம் தொழில்நுட்பத்துக்காக வந்தது என்றாலும் இந்தத் திரைவழிப் பேச்சின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அரங்கில் பேசும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொருவர் முன்னாலும் கல் மட்டும், கைக்கெட்டும் தொலைவில். நான் சும்மா இருந்தால் அவர்கள் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

“ஏதாவது கேள்வி இருக்கா?” என்று கேட்டால் பதில் வராது. “இதில் எலி எத்தனை, எண்ணிச் சொல்லுங்கள்” என்றால் சாட் நிரம்பிவிடும். தமிழில் தட்டச்சு செய்பவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். முதலில் வந்த ஆங்கில விடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது நியாயமில்லை. படத்தின்மேல் கோடு போடும் வசதியையும் எல்லோருக்கும் திறந்துவிடுவேன். “தவசியின் விலா எலும்பைக் காட்டுங்கள்” என்றதும் மூன்று நாடுகளிலிருந்தும் சிவப்புக் கோடுகள் வந்து விழும். அடுத்த ஸ்லைடுக்கு முன் அவற்றை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் தவசியின் விலாவுக்கு இட்ட கோடு யானையின் முதுகில் கிடக்கும்.

வரிசைதான் எல்லாவற்றிலும் கடினம். ஒற்றைக் காலில் நின்று கைகளை மேலே தூக்கிய தவசி முதலில். பிறகு பாறையில் ஆறாக இறங்கும் பிளவில் நாகர்கள், அதன் கரையில் துணி பிழிபவர், பின்காலால் மூக்கைச் சொறியும் மான். வெகுநேரம் கழித்து, பெரிய யானையின் முன்னே நிற்கும் பூனை. அந்த ஸ்லைடில் நான் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறுமி மியூட்டை எடுத்துவிட்டு, “அங்கிள், இந்தப் பூனையும் அவர மாதிரியே கைய தூக்கிட்டு நிக்குது!” என்றாள். பாறையின் முன்னால் நேரில் நிற்பவர்களில் பலர் இதைப் பார்க்காமலே போகிறார்கள். தவசியும் பூனையும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுவது அங்கே ஒரு தடை. ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்ட ஸ்லைடால் முடியும். நினைவுதான் இரண்டையும் இணைக்க வேண்டும்.

தவசி அர்ச்சுனனா பகீரதனா என்ற வாக்கெடுப்பை இரண்டு முறை நடத்துகிறேன், தொடக்கத்திலும் பூனைக்குப் பிறகும். இரண்டாவது முறை விவாதம் சூடுபிடிக்கும். “தம்பி, அந்த நாகர் படத்துக்குப் போங்க, தண்ணி விழுற மாதிரி இருக்கே, பகீரதன்தான்” என்பார் ஒரு பெரியவர். எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் பவர்பாயிண்ட் நேராக அந்த ஸ்லைடுக்குப் போய்விடும். அதற்காகவே ஸ்லைடுகளின் பட்டியலைத் தாளில் அச்சிட்டு அருகில் வைத்திருக்கிறேன். “அப்படியானால் சிவன் ஏன் பக்கத்திலேயே நின்று வரம் கொடுக்கிறார்?” என்று டொரண்டோவிலிருந்து ஒரு அம்மா மறுப்பார். மறுபடி தவசிக்கு. இந்தக் கட்டத்தில் நான் எண் தட்டுபவன் மட்டுமே. கூட்டத்துக்குக் குறித்த நேரம் முடிந்திருக்கும், இணைப்பை மூட மாட்டேன்.