காருக்கு மூக்கு மாத்தலாமா?

கார் கிறுக்கு பிடிச்ச பசங்களுக்குன்னு ஒரு வரிசை உண்டு. முதல்ல ஸ்டிக்கர், அப்புறம் அலாய் வீல், அதுக்கப்புறம் சைலன்ஸர். நாலாவது ஸ்டாப், ஏர் இன்டேக். அதாங்க, இன்ஜினோட மூக்கு! எங்க வீட்டு ஸ்விஃப்ட்டுக்கு ஒரு நல்ல மூக்கு தேடி மூணு மாசம் நான் அலைஞ்ச கதைதான் இது.

இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கும்னு தெரியுமா? 1 கிராம் பெட்ரோல் சரியா எரிய 14.7 கிராம் காற்று வேணும். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-ல கத்தும்போது, நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,600 லிட்டர் காற்று உள்ளே போகும். 20 லிட்டர் வாட்டர் கேன் கணக்குல 180 கேன்! 'அப்போ மூக்கைப் பெருசாக்கினா பவர் பிச்சுக்குமே'னு தோணுதுல்ல? கடைக்காரர் சொன்னதும் அதேதான். "இந்தக் கோன் ஃபில்டரைப் போடுங்க தம்பி... வண்டி பறக்கும்!"

காலேஜ் சீனியர் ஒருத்தர் அதே மாதிரி கோன் போட்டிருந்தார். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா அப்படி ஒரு உறுமல்! சத்தியமா சொல்றேன், அந்தச் சத்தத்துல மயங்கிட்டேன். ஆனா, அவர் கார்ல ஓ.பி.டி. கருவியைச் செருகி போன்ல பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது. கத்திப்பாரா பக்கம் டிராஃபிக்ல நிக்கும்போது உள்ளே போற காற்று 60 டிகிரி. எங்க வண்டியில அதே இடத்துல 42. காரணம் சிம்பிள். கம்பெனி ஃபில்டர் டப்பா பெரும்பாலும் முன்பக்கம் இருந்து வெளிக்காற்றை இழுக்கும். திறந்த கோன், பானெட்டுக்குள்ளே இன்ஜின் சூட்டையே மோந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். காற்று 40 டிகிரியில இருந்து 60 ஆனா, அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறையும். ஆக்ஸிஜனும்தான். அப்புறம் எங்கே பறக்கிறது? அந்த உறுமல்கூட புது பவர் இல்லை. டப்பா இவ்வளவு நாளா அமுக்கி வெச்சிருந்த சத்தம், அவ்வளவுதான்.

"அப்போ கோல்டு ஏர் இன்டேக் போடு மச்சி"ன்னான் நண்பன். நீளமான குழாய் போட்டு, ஃபில்டரை பம்பருக்குப் பின்னாடி கீழே கொண்டுபோய் வைக்கிற டைப். சூடு இல்லாத காற்று கிடைக்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்ல ஓட்டறவங்களுக்கு ஓகே. எங்க வீடு இருக்கிறது வேளச்சேரியில பாஸ்! 2015 டிசம்பர், 2023 டிசம்பர்னு ரெண்டு வெள்ளத்தைப் பார்த்த ஏரியா. மூக்கு கீழே இருந்தா, முழங்காலைத் தொடாத தண்ணியைக்கூட இன்ஜின் உறிஞ்சிடலாம். காற்றை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாதே! பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். இதுக்குப் பேர் 'ஹைட்ரோலாக்'. இன்ஜின் புரொடெக்‌ஷன்னு தனியா பணம் கட்டியிருந்தாதான் பொதுவா இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும்.

இன்னொண்ணு... அந்தக் காரை தினமும் ஓட்டறது நான் இல்லை, அப்பா. நான் வெறும் வீக்எண்ட் டிரைவர். ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு, கொட்டற மழையில நடுரோட்டுல வண்டி நின்னுட்டா, என் உறுமல் ஆசைக்கு அவரா அவஸ்தைப்படறது?

கடைசியில வாங்கினது, கம்பெனி டப்பாவுக்குள்ளேயே கச்சிதமா உட்கார்ற காட்டன் பேனல் ஃபில்டர். கழுவி, காயவெச்சு, அளவா ஆயில் போட்டு மறுபடி மாட்டலாம். ஆயில் அதிகமானா, சில கார்கள்ல இருக்கிற ஏர்ஃப்ளோ சென்சார்ல ஒட்டித் தொல்லை கொடுக்கும். ஜாக்கிரதை! பவர்? சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. வேற எந்த மாற்றமும் பண்ணாத இன்ஜினுக்கு, சுத்தமா இருக்கிற பேப்பர் ஃபில்டரே கிட்டத்தட்டப் போதும்.

கடைக்குப் போற மக்களே, கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. காற்று எங்கே இருந்து வருது? தண்ணி எட்டற உயரமா? ஐ.எஸ்.ஓ. 5011 டெஸ்ட்ல தூசியை எவ்வளவு தடுத்திருக்கு? நாலாவது கேள்வி உங்களுக்கு மட்டும்: வண்டியை நிஜமா ஓட்டப்போறது யாரு? என்ன நான் சொல்றது!